எட்டு எழுத்து

மூன்று மாதமாக எழுதுகிறேன் இந்தத் திட்டத்தை.
இசிபிங்கோ கிடங்கின் பின்னறையில்
கழிப்பறைக்கும் கீசர் அடுக்குக்கும் நடுவே
ஏசி சொட்டுகிற இடத்தில் வாளி வைத்து
நாங்கள் காப்பாற்றிவரும் நான்கு சர்வர்களை
மேகத்துக்கு ஏற்றும் திட்டம்.

மேகம் என்பது
ஜோஹன்னஸ்பர்கில் வேறொருவன் கட்டிய கட்டடம்.
முதலாளி பூபாலனிடம் அதைச் சொன்னபோது
"சொந்த வீட்டை விட்டு வாடகைக்கா?" என்றார்.
அந்நேரம் பார்த்து மின்வெட்டு.
ஜெனரேட்டர் இருமிற்று, இருமிற்று, நின்றது.
யூபிஎஸ் ஒன்பது நிமிடம் கூவியது.
பத்தாவது நிமிடம், இருட்டுக்குள்ளிருந்து,
"எவ்வளவு வாடகை?"

மின்னஞ்சல் முதலில் போகட்டும்,
தொலைந்தாலும் யாரும் அழப்போவதில்லை.
சம்பளப் பட்டியலை மாதக் கடைசியில் தொடக்கூடாது.
'டேவிட்2' என்றொரு புரோகிராம் ஓடுகிறது.
எழுதியது யார், எதற்கு, தெரியாது.
ஒருமுறை நிறுத்திப் பார்த்தோம்,
லாரிகள் வாசலிலேயே நின்றுவிட்டன.
அதற்கு நேரே எழுதியிருக்கிறேன்:
பிரிக்காதே, அப்படியே தூக்கு.

வாடிக்கையாளர் அட்டவணைக்கு வந்தபோதுதான் கவனித்தேன்.
குடும்பப் பெயருக்கு எட்டே எழுத்து, ஆங்கிலத்தில்.
தொண்ணூற்றொன்றில் யாரோ ஒருவன்
எட்டுப் போதும் என்று முடிவு கட்டியிருக்கிறான்.
நாயுடு உள்ளே போய்க் கால் நீட்டிப் படுத்தார்.
கோவிந்தசாமி, சாமியில் ஒரு ஸ் மட்டும் மிஞ்சி,
கோவிந்தஸ் ஆனார்.
படையாச்சியின் வால் கதவில் நசுங்கி
படையாச்.
உம்லாஸியில் குழாய்க்கடை வைத்திருக்கும் ஹ்லட்ஷ்வாயோ
ஹ்லட்ஷ்வா என்று வரும் பில்லை
இத்தனை வருடம் மறுபேச்சில்லாமல் கட்டியிருக்கிறார்.

எட்டெழுத்துச் சொன்னால் மோட்சம் என்பார்கள் கோயிலில்.
இங்கே எட்டெழுத்து, வேலி.

புதிய இடத்தில் இருநூற்றைம்பத்தைந்து எழுத்து கொள்ளும்.
"அகலப்படுத்திவிடுங்கள், முடிந்தது"
கேப்டவுனிலிருந்து திரையில் சிரிக்கிறார் விற்பனை ஆள்.
அகலப்படுத்தினேன்.
படையாச்சுக்குப் பக்கத்தில்
இருநூற்று நாற்பத்தேழு வெற்றிடம் விரிந்தது.
வெட்டிய எழுத்தை இயந்திரம் எங்கும் வைத்திருக்கவில்லை.
பேக்கப் டேப்பைத் தேடிப் பயனில்லை,
உள்ளேயே வராததற்கு ஏது நகல்.

திட்டத்தில் ஒரு வரி சேர்த்தேன்:
தொலைபேசி. இரண்டு பேர். ஆறு வாரம்.
பூபாலன் அடித்தார்.
திரும்ப எழுதினேன். திரும்ப அடித்தார்.
கணக்கு எண் நான்கைத் திறந்து காட்டினேன், அவர் தகப்பனார்.
கிஸ்ட்னசா.
"சா என்றா முடிகிறது?" என்று கேட்டுவிட்டு
பேனாவை மூடி வைத்தார்.

நொம்ஃபுண்டோ ஸூலுவில் கேட்கிறாள், நான் ஆங்கிலத்தில்:
உங்கள் பெயர் எப்படி முடிகிறது?
ஏமாற்றுக்காரர்கள் என்று பாதிப்பேர் வைத்துவிடுகிறார்கள்.
ஃபீனிக்ஸ் படையாச்சிக்குக் கடைசியில் ஈ இரண்டு.
டொங்காட் படையாச்சிக்கு ஐ, ஒன்றே ஒன்று;
இரண்டு ஈ போடுகிறவர்கள் எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு
வருவதில்லை என்று கூடவே சொன்னார்.
வெருலத்தில் எடுத்தது ஒரு பெண்.
கணக்கு, கணவர் பேரில்.
"ஆளே முடிந்துபோனார், பெயர் எப்படி முடிந்தால் என்ன?"
பத்து நிமிடம் கழித்து அவளே கூப்பிட்டாள்.
ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள்.
சரியாக வந்ததா என்று
என்னைத் திரும்பச் சொல்லச் சொன்னாள்.

சனிக்கிழமை இரவு பதினொன்றுக்கு ஏற்றுகிறோம்.
மின்வெட்டு இரண்டு மணிக்கு, அதற்குள் முடிய வேண்டும்.
நாற்பத்தொரு பேர் இன்னும் போனை எடுக்கவில்லை.
எட்டெழுத்தோடுதான் போவார்கள்.
போகட்டும்,
பக்கத்தில் இடம் விட்டிருக்கிறேன்.